பன்னீர்க்குடத் தண்ணீரில் என்ன பார்க்கிறார்கள்? கொழும்பில் நாங்கள் கடந்து வந்த ஒரு பரிசோதனை

வயிற்றுப் பிள்ளையின் மூளையும் முதுகுத்தண்டும் சரியாக மூடியிருக்கின்றனவா என்று அறிய ஒரு பரிசோதனை இருக்கிறது. பன்னீர்க்குடத்திலிருந்து ஊசியால் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, அதிலுள்ள ஒரு புரதத்தை அளந்து பார்ப்பார்கள். என் இரண்டாவது கர்ப்பத்தில் அதைச் செய்துகொண்டேன். செய்வதா விடுவதா என்று தவித்த நாட்களில் தமிழில் தேடித் தேடிப் பார்த்தும் எனக்குக் கிடைத்தவை ஒன்றிரண்டு வரிகள்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை, வெள்ளவத்தையில் கணக்கியல் படிப்பிக்கும் ஆசிரியை. எங்களைப் பார்த்த டொக்டர்மாரிடம் கேட்டுக் கேட்டு விளங்கிக்கொண்டதையும், பிறகு வாசித்து உறுதி செய்ததையும்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் என் மூத்த பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனைச் சொல்லாவிட்டால் இரண்டாவது முறை நாங்கள் ஏன் இவ்வளவு தூரம் போனோம் என்பது விளங்காது. இருபதாவது வாரத்தை ஒட்டி எடுத்த ஸ்கானில்தான் அவனுக்கு மண்டையோட்டின் மேற்பகுதியும் மூளையின் பெரும்பகுதியும் உருவாகவில்லை என்பது தெரிந்தது. அனென்செஃபலி என்பார்கள். அதற்கு முன் எனக்கு ஒரு ஸ்கானும் எடுக்கப்படவில்லை. ஸ்கான் எடுத்தவர் பேச்சை நிறுத்தி, திரையைத் தன் பக்கம் திருப்பி, கொப்பியில் எதையோ எழுதி அடுத்த அறைக்கு அனுப்பினார். அங்கே கிடைத்த விளக்கம் முழுக்கச் சிங்களத்தில். எனக்குச் சந்தையில் மரக்கறி வாங்கும் அளவுக்குச் சிங்களம் வரும். என் பிள்ளையின் மண்டையோட்டைப் பற்றிப் பேசும் சிங்களம் எனக்குத் தெரியாது. இவர் வேலையிலிருந்து ஓடிவந்து சேரும் வரைக்கும் ‘மொளய’ (மூளை) என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு வாங்கில் இருந்தேன்.

நம் நாட்டுச் சட்டத்தைத் தெரியாதவர்களுக்காக ஒன்று. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, 303ஆம் பிரிவில், தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. பிள்ளை பிறந்தாலும் பிழைக்காது என்று நிச்சயமாகத் தெரிந்த நிலையிலும் அனுமதி இல்லை. 1995இலும் 2017இலும் இதைத் திருத்தும் முயற்சிகள் எழுந்தன, நிறைவேறவில்லை. ஆகவே அவனைக் கடைசிவரை சுமந்து பெற்றேன். சில மணி நேரம் எங்களோடு இருந்தான். இதற்கு மேல் அதை எழுத எனக்கு இயலாது.

அதன் பிறகு வந்த காரணங்கள்தான் எத்தனை! கிரகண நேரத்தில் வெளியே போயிருப்பாய் என்றார் ஒரு பெரியம்மா. ஓட்டோவில் குலுங்கிக் குலுங்கிப் போனதால்தான் என்றார் பக்கத்து வீட்டு அன்ரி. யாரோ செய்வினை என்றார்கள். இவை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஏற்கனவே நொந்து கிடக்கும் ஒரு தாய் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்கிறாள். அதனால் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

கரு உண்டான ஆரம்பத்தில் பிள்ளையின் முதுகுப்பக்கம் ஒரு தட்டையான தகடாகத்தான் இருக்கும். அதன் இரண்டு ஓரங்களும் வெற்றிலை சுருள்வதுபோல எழுந்து, நடுவில் சந்தித்து ஒட்டி, ஒரு குழாயாகும். நரம்புக் குழாய் என்பது அதைத்தான். மேல் நுனி மூளையாகும், மற்றது முதுகுத்தண்டுக்குள் ஓடும் நரம்பு வடம். மேல் நுனி மூடாவிட்டால் அனென்செஃபலி. கீழே மூடாவிட்டால் ஸ்பைனா பைஃபிடா, அதாவது முதுகெலும்பு பிளந்து நரம்புகள் வெளியே தெரியும் நிலை. இந்த மூடல் கருத்தரித்து 28 நாளளவில் முடிந்துவிடும். மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆகும் நேரம் அது. பல பெண்களுக்குக் கர்ப்பம் என்று நிச்சயமாகவே தெரிந்திராது. ஐந்தாம் மாதத்து ஓட்டோக் குலுக்கலுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

ஃபோலிக் அசிட் குளிசையைப் பிள்ளை தங்குவதற்கு முன்பே தொடங்கச் சொல்வது இதனால்தான். கிளினிக்கில் பதிந்த பிறகு குடிக்கத் தொடங்கினால் குழாய் மூடும் காலம் கடந்துவிடும். பொதுவாக ஒருவருக்கு நாளுக்கு 400 மைக்ரோகிராம் போதும். என்னைப் போல முன்பு ஒரு பிள்ளைக்கு இப்படி வந்திருந்தால் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல், 5 மில்லிகிராம், டொக்டர் எழுதித் தருவார். பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி சபை ஏழு நாடுகளில் நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வு, 4 மில்லிகிராம் எடுத்த தாய்மாருக்கு இது மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. நீரிழிவு உள்ளவர்களும், வலிப்புக்கு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பத்துக்கு முன்பே தங்கள் டொக்டரிடம் இதைக் கேட்க வேண்டும். வலிப்பு மருந்தைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது, அது பெரிய ஆபத்து. நம் பகுதி மிட்வைஃபிடம் சொன்னால் புதிதாகக் கலியாணம் முடித்தவர்களுக்கே ஃபோலிக் அசிட் இலவசமாகத் தருவார். கேட்க வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, இரண்டாவது கர்ப்பத்துக்கு வருகிறேன்.

இந்த முறை பன்னிரண்டாவது வாரத்தில் ஸ்கான் எடுத்தோம். அந்த வாரத்திலேயே மண்டையோடு உருவாகியிருப்பதைப் பார்க்கலாம். அனென்செஃபலி பெரும்பாலும் இதிலேயே தெரிந்துவிடும். தலை நல்ல உருண்டையாகத் தெரிந்தது. டொக்டர் திரையை என் பக்கம் திருப்பி விரலால் தொட்டுக் காட்டினார். பிள்ளையின் நீளத்தை அளந்து கர்ப்பத்தின் வயதையும் குறித்துக்கொண்டார். அந்த ஒரு குறிப்பு பின்னால் எவ்வளவு உதவியது என்பதைச் சொல்கிறேன்.

ஒரு முறை இப்படி வந்த தாய்க்கு மறுமுறை வரும் வாய்ப்பு நூற்றில் இரண்டு முதல் நான்கு என்றார்கள். தலை மூடியிருந்தாலும் முதுகு மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காகப் பதினாறாவது வாரத்தில் என் கையிலிருந்து இரத்தம் எடுத்து ஏஎஃப்பி பார்த்தார்கள். அல்பா ஃபீட்டோபுரோட்டீன் என்பது முழுப்பெயர், தொடக்கத்தில் சொன்ன புரதம் இதுதான். றிப்போட்டில் 2.9 எம்ஓஎம் என்று வந்தது, பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘கூடுதல்’ என்றும்.

அந்த 2.9 என்ன என்று லாப்பில் ஒருவரும் சொல்லவில்லை. அன்றைக்கு எங்களுக்கு வாய்த்தவர் கிளினிக்கில் இருந்த மட்டக்களப்பு டொக்டர், இளம் வயதுப் பொடியன். என் றிப்போட்டின் பின்பக்கத்தைத் திருப்பி பேனையால் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டம் போட்டார். உள் வட்டத்தில் ‘பிள்ளை’, நடு வட்டத்தில் ‘தண்ணீர்’, வெளி வட்டத்தில் ‘அம்மா’ என்று தமிழில் எழுதினார். “அக்கா, இந்தப் புரதத்தைச் செய்யிறது பிள்ளையின்ர ஈரல். பிள்ளையின்ர இரத்தத்தில மிச்சம் கூட இருக்கும். தண்ணியில அதைவிட நூறு மடங்குக்கு மேல குறைவு. உங்கட இரத்தத்தில அதையும்விடக் குறைவு. பிள்ளையின்ர தோல் எங்கயாவது மூடாமல் இருந்தா தண்ணிக்குள்ள கூடக் கசியும், அங்கயிருந்து உங்களுக்கும் வரும்.” பிறகு உள் வட்டத்திலிருந்து நடு வட்டத்துக்கு ஒரு அம்புக்குறி, நடு வட்டத்திலிருந்து வெளி வட்டத்துக்கு இன்னொன்று. “உங்கட இரத்தத்தில கூடினதுக்கு இந்த முதல் அம்புதான் காரணம் என்று இப்பவே சொல்லேலாது. இரண்டாவதும் இருக்கலாம்.” அந்தத் தாளை இன்னமும் கோப்பில் வைத்திருக்கிறேன். இந்தப் பரிசோதனையைப் பற்றி விளங்க வேண்டியதில் பாதி அந்த இரண்டு அம்புக்குறிகளில் இருக்கிறது.

எம்ஓஎம் என்பது, அதே கர்ப்ப வாரத்தில் இருக்கும் பெண்களின் நடு அளவு 1 என்றால் உங்களுடையது அதைப்போல் எத்தனை மடங்கு என்பது. பொதுவாக 2.5க்கு மேல் போனால் (சில இடங்களில் 2க்கு மேல்) மேலே பார்க்கச் சொல்வார்கள். கர்ப்ப வாரம் இங்கேதான் முக்கியமாகிறது. பதினைந்திலிருந்து இருபதாவது வாரம் வரை தாயின் இரத்தத்தில் இந்தப் புரதம் வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போகும். பதினாறு வாரம் என்று எழுதியவர் உண்மையில் பதினெட்டு வாரமாக இருந்தால் ஒரு கோளாறும் இல்லாமலே எண் கூடிக் காட்டும். வயிற்றில் இரட்டைப் பிள்ளை இருந்தாலும் கூடும். தாயின் எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடைசி மாதவிடாய்த் திகதி சரியாக நினைவில்லாத பெண்கள் நம்மில் எத்தனையோ பேர். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கான் கையில் இருந்ததால் என் விஷயத்தில் வாரக் கணக்குப் பிழை என்ற சந்தேகம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. றிப்போட்டில் ‘கூடுதல்’ என்று கண்டு அழத் தொடங்கும் முன், எந்த வாரத்தை வைத்துக் கணக்குப் போட்டார்கள் என்று அதே தாளில் தேடிப் பாருங்கள். எழுதியிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1977இல் வெளிவந்த பிரித்தானியக் கூட்டாய்வு ஒன்று, 16 முதல் 18 வாரத்துக்குள் 2.5 என்ற எல்லையை வைத்துப் பார்த்தால் அனென்செஃபலியில் நூற்றுக்கு 88ஐயும், திறந்த ஸ்பைனா பைஃபிடாவில் நூற்றுக்கு 79ஐயும் பிடிக்கலாம் என்று கண்டது. அதே எல்லையை ஒரு குறையும் இல்லாத பிள்ளைகளைச் சுமக்கும் தாய்மாரிலும் நூற்றுக்கு மூன்று பேர் தாண்டினார்கள். குறையுள்ள பிள்ளைகள் மொத்தத்தில் மிகச் சிலர் என்பதால், ‘கூடுதல்’ என்று தாள் வாங்கும் பெண்களில் பெரும்பாலோரின் பிள்ளைக்கு ஒன்றும் இருக்காது. இதை அன்றே எனக்கு யாராவது சொல்லியிருந்தால் இரண்டு இரவு நித்திரை கொண்டிருப்பேன்.

அடுத்தது விரிவான ஸ்கான். முதுகு திறந்திருந்தால் தலையிலும் அடையாளம் தெரியும் என்பது எனக்குப் புதிய செய்தி. முன்நெற்றிப் பக்கம் எலும்பு இரண்டு பக்கமும் உள்வாங்கி எலுமிச்சங்காய் வடிவில் தெரியுமாம். சிறுமூளை பின்னுக்கு இழுபட்டு வாழைப்பழம்போல் வளைந்திருக்குமாம். ஸ்கான் டொக்டர்மாரே இந்தப் பெயர்களைத்தான் சொல்கிறார்கள். 1986இல் லண்டனில் நிக்கோலைடீஸ் குழுவினர் இதை எழுதிய பிறகு முதுகைத் தேடுவது மிகவும் இலகுவாகிவிட்டதாம். என் பிள்ளைக்குத் தலையில் அந்த இரண்டு அடையாளமும் இல்லை. ஆனால் முதுகின் அடிப்பகுதி தெரியவில்லை. முதுகை என் முதுகுப் பக்கம் சாய்த்துக்கொண்டு படுத்திருந்தாள். என்னை நடக்க வைத்தார்கள், குளிர்தண்ணீர் குடிக்க வைத்தார்கள், பக்கம் திரும்பிப் படுக்க வைத்தார்கள். அவள் அசையவில்லை. சில நாள் கழித்துப் பார்த்தபோதும் அரைகுறையாகத்தான் தெரிந்தது.

அந்த இடத்தில்தான் ஊசிப் பேச்சு வந்தது.

பன்னீர்க்குடத் தண்ணீரில் இந்தப் புரதத்தை அளக்கும் வழியை 1972இல் எடின்பரோவில் ப்ரொக், சட்க்ளிஃப் என்ற இருவர் வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில் ஸ்கானில் இவ்வளவு தெளிவு இல்லை, தண்ணீர்தான் சாட்சி. இன்றைக்கு நல்ல கருவியும் கைப்பழக்கமும் உள்ள ஒருவர் ஸ்கானிலேயே பெரும்பாலும் முடிவு சொல்லிவிடுவார். எண் கூடியதுமே ஊசி போட வேண்டும் என்று ஓடக் கூடாது, முதலில் தேர்ந்த ஒருவரின் ஸ்கான் என்பது என் உறுதியான கருத்து. எங்களுக்கு அது முடிந்தும் கேள்வி நின்றதால்தான் அடுத்த படிக்குப் போனோம்.

ஊசியால் கருச்சிதைவு ஏற்படும் வாய்ப்பு இருக்கிறது. முன்பு நூற்றுக்கு ஒன்று என்பார்கள், இப்போது தேர்ந்த கைகளில் அது இருநூற்றுக்கு ஒன்றையும்விடக் குறைவு. குறைவுதான், ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு பிள்ளையை இழந்தவளுக்கு அந்தச் சின்ன எண்ணும் மலைபோலத் தெரியும். மாமி கோண்டாவிலிலிருந்து போனில் அழுதார். “பிள்ளை, என்ன வந்தாலும் பெறத்தானே போறாய். பிறகு ஏனம்மா ஊசி? நல்லூரானை நம்பு.” மாமியின் கேள்வி நியாயமான கேள்வி. சட்டம் ஒரு கதவை மூடி வைத்திருக்கும் நாட்டில், தெரிந்து என்ன செய்யப் போகிறாய் என்று எவரும் கேட்கலாம். இவர் மட்டும், “நீர் என்ன சொல்லுறீரோ அதுதான், உம்மட உடம்பு” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தார்.

நானும் டொக்டரும் உட்கார்ந்து, விடை தெரிந்தால் எங்களுக்கு எதுவெல்லாம் மாறும் என்று பார்த்தோம். பேறுக்குச் சாவகச்சேரியில் அம்மா வீட்டுக்குப் போவதாக இருந்தேன், எங்கள் வழக்கம் அது. பிள்ளைக்கு ஸ்பைனா பைஃபிடா இருந்தால் அது நடக்காது. பிறந்து இரண்டு மூன்று நாளுக்குள் முதுகை மூடும் சத்திரசிகிச்சை வேண்டும். அதற்கு மூளை நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பெற வேண்டும். கொழும்பில் டி சொய்சா மகளிர் மருத்துவமனையும் காசல் வீதி மகளிர் மருத்துவமனையும் பொறளைப் பக்கத்தில், சிறுவர்களுக்கான லேடி றிட்ஜ்வேயும் அங்கேதான். எந்த மாதத்தில் இவர் லீவு எடுப்பது, அம்மாவைக் கொழும்புக்குக் கூப்பிடுவதா, வாடகை வீட்டை மாற்றுவதா, எல்லாம் இதில் தொங்கியது. மனதைத் தயார் செய்வதும் ஒரு வேலைதான், முதல் முறை அதற்கு எனக்கு நேரமே கிடைக்கவில்லை. ஆகவே ஊசிக்குச் சம்மதித்தேன். இதே நிலையில் வேறொரு தாய், விடை எதுவானாலும் கொழும்பிலேயே பெறுகிறேன், ஊசி வேண்டாம் என்றால் அதுவும் சரியான முடிவுதான். வீட்டுக்காரர் மிரட்டியோ, டொக்டர் அவசரப்படுத்தியோ எடுக்கும் முடிவாக மட்டும் அது இருக்கக் கூடாது.

ஊசி நாளைப் பற்றி நீட்டுவதற்கு அதிகம் இல்லை. பதினைந்து வாரம் முடிந்த பிறகுதான் செய்வார்கள். முதலில் ஸ்கான் வைத்துப் பிள்ளை, நச்சுக்கொடி, தண்ணீர் மூன்றும் எங்கே என்று பார்த்தார்கள். வயிற்றைக் குளிர்ந்த மருந்தால் துடைத்தார்கள். நீளமான மெல்லிய ஊசி. பார்க்கப் பயமாக இருந்தாலும் இரத்தம் எடுக்கும் ஊசியின் குத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உள்ளே போனபோது மாதவிடாய் வலி போல ஒரு பிடிப்பு. என் நச்சுக்கொடி முன்பக்கம் இருந்ததால் அதன் ஓரமாகப் போக வேண்டியிருந்தது. முதலில் வந்த கொஞ்சத்தைத் தனியே வைத்துவிட்டு வேறு சிரிஞ்சில் நிரப்பினார்கள். ஏறக்குறைய 20 மில்லிலீற்றர், வெளிறிய மஞ்சள் நிறம், அதில் மெல்லிய இளஞ்சிவப்புச் சாயல். அந்தச் சாயலைக் கண்டதும் டொக்டர் படிவத்தில் அதைக் குறித்தார். ஏன் என்று கேட்டேன். பிள்ளையின் இரத்தத்தில் இந்தப் புரதம் மிக அதிகம் என்பதால், ஒரு துளி கலந்தாலே தண்ணீரின் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும் என்றார்.

போகும் முன் கேட்க வேண்டிய ஒன்று இரத்த வகை. தாய் நெகட்டிவ் என்றால் ஊசிக்குப் பிறகு ஆன்டி-டி போட வேண்டும். எனக்குப் பொசிட்டிவ் என்பதால் தேவைப்படவில்லை, ஆனாலும் கிளினிக் கார்ட்டைக் கையோடு கொண்டு போனது நல்லதாயிற்று, அங்கே முதல் கேள்வியே அதுதான். அன்று முழுக்கப் பாரம் தூக்காமல் படுத்திருந்தேன். தண்ணீர் கசிந்தால், இரத்தம் பட்டால், காய்ச்சல் வந்தால், வயிறு விட்டுவிட்டு இழுத்தால் உடனே வரச் சொன்னார்கள். ஒன்றும் வரவில்லை.

எடுத்த தண்ணீரில் இரண்டு வேலை நடக்கிறது, இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். தண்ணீரில் மிதக்கும் பிள்ளையின் கலங்களை வளர்த்து நிறமூர்த்தங்களைப் பார்ப்பது ஒன்று, அதற்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். டவுன் சின்ட்ரோம் போன்றவை அதில் தெரியும். புரதத்தை அளப்பது வேறு, அது தண்ணீரிலேயே செய்வது, சீக்கிரம் வந்துவிடும். ஒன்று நன்றாக வந்தால் மற்றதும் நன்றாக இருக்கும் என்று அர்த்தம் இல்லை. எதை எதைச் செய்யக் கொடுத்திருக்கிறார்கள் என்று படிவத்தைப் பார்த்துக் கேளுங்கள். எல்லா லாப்பிலும் எல்லாம் இல்லை. எங்கள் மாதிரியில் ஒரு பகுதி இந்தியாவுக்குப் போனது, அதற்குக் காத்திருக்கவும் வேண்டியிருந்தது, செலவும் கூட.

தண்ணீரின் ஏஎஃப்பி எல்லையை ஒட்டிக் கொஞ்சம் கூடுதலாக வந்தது. இளஞ்சிவப்புச் சாயலால் வந்ததா, திறந்த முதுகால் வந்ததா? இதைப் பிரித்தறியத்தான் அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் என்ற இன்னொரு புரதத்தைப் பார்க்கிறார்கள். இது ஒரு நொதியம், நரம்பு மண்டலத்தைச் சேர்ந்தது. நரம்புத் திசு தண்ணீரில் திறந்து கிடந்தால் அதற்கே உரிய வகை நொதியம் கசிந்து வரும். ஜெல் பரப்பில் தண்ணீரை மின்சாரத்தால் ஓட விட்டால் ஒரு தனிக் கோடாக விழும். மூடியிருந்தால் அந்தக் கோடு இருக்காது. மற்றது எண், இது பெரும்பாலும் உண்டா இல்லையா என்ற விடை. எங்கள் றிப்போட்டில் கோடு இல்லை, மாதிரியில் இரத்தக் கலங்கள் இருந்தன என்ற குறிப்பும் இருந்தது. நிறமூர்த்தங்களும் சரி. அதற்கிடையில் இவளும் ஒரு நாள் நல்ல பிள்ளையாகத் திரும்பிப் படுத்து, ஸ்கானில் முதுகை அடிவரை காட்டிவிட்டாள்.

மாமிக்குப் போன் பண்ணியபோது அவர் முதலில் அழுதார், பிறகு நல்லூருக்கு அர்ச்சனைக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

எல்லாரும் கதை இத்துடன் முடிந்தது என்று நினைத்தார்கள். டொக்டர் அப்படி நினைக்கவில்லை. “முதுகு மூடியிருக்கிறது. அப்படியென்றால் உங்கள் இரத்தத்தில் ஏன் கூடியது?” என்று அவரே கேட்டு, மட்டக்களப்புப் பொடியன் போட்ட இரண்டாவது அம்புக்குறிக்கு வந்தார். வயிற்றுச் சுவரில் திறப்பு இருந்தாலும் கூடலாம், பிள்ளையின் சிறுநீரகத்தில் ஓர் அரிய நோய் இருந்தாலும் கூடலாம். ஸ்கானில் அவை இல்லை. மிஞ்சுவது நச்சுக்கொடி. அது சரியாகப் பதியாத தாய்மாருக்குப் புரதம் கூடுதலாக இரத்தத்தில் கசியலாம், அப்படிப்பட்டவர்களுக்குப் பின்னால் பிள்ளை வளர்ச்சி குறைவது, பிரஷர் ஏறுவது, முந்திப் பிறப்பது ஆகியவை மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகின்றன. ஆகவே அடிக்கடி பிரஷர், சிறுநீரில் புரதம், பிள்ளையின் எடைக்கு ஸ்கான், கொப்பூழ்க்கொடியின் இரத்த ஓட்டத்துக்கு டொப்ளர் என்று அட்டவணை போட்டார். ‘பிள்ளைக்கு ஒன்றுமில்லை’ என்ற வார்த்தையைக் கேட்டதும் கிளினிக் பக்கம் போகாமல் விடும் பெண்களை எனக்குத் தெரியும். இரத்தத்தில் எண் கூடி, குறை ஒன்றும் காணப்படாத தாய்தான் கடைசி மாதங்களில் கூடுதல் கவனமாகப் போக வேண்டும்.

அவர் சொன்னது போலவே முப்பத்து மூன்றாவது வாரத்துக்குப் பிறகு அவளுடைய எடைக் கோடு தட்டையாகத் தொடங்கியது. சாவகச்சேரிப் பயணத்தை நிறுத்தி, அம்மாவை யாழ்தேவியில் கொழும்புக்கு வரச் சொன்னோம். முப்பத்தேழு வாரம் முடிந்ததும் பெற வைத்தார்கள். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, நல்ல சத்தமான குரல். முதுகைத் தடவிப் பார்க்க எனக்கு முன்பே அம்மா கையை நீட்டிவிட்டார்.

இந்தப் பரிசோதனை எதைச் சொல்லாது என்பதையும் எழுதிவிட வேண்டும், ஏனென்றால் ‘மூளை டெஸ்ட் எடுத்தாச்சு, எல்லாம் ஓகே’ என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். தண்ணீரின் புரதம் விடை சொல்வது முக்கியமாக ஒரு கேள்விக்கு: தோலால் மூடப்படாத திறப்பு இருக்கிறதா? தோல் மூடிய முதுகுக் குறைபாட்டை அது காட்டாது. மூளையின் அறைகளில் நீர் கூடுவதை அது காட்டாது, அதை ஸ்கானில் அறையின் அகலத்தை அளந்துதான் பார்க்கிறார்கள், 10 மில்லிமீற்றருக்கு மேல் என்றால் தொடர்ந்து கவனிப்பார்கள், தேவைப்பட்டால் எம்ஆர்ஐயும் எடுப்பார்கள். மூளையின் மடிப்புகள், மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் நடுப்பாலம், பிறகு வரும் அறிவு வளர்ச்சி எதுவும் இந்தத் தண்ணீர்ப் புரதத்தில் தெரியாது. சைட்டோமெகலோவைரஸ் போன்ற தொற்றுச் சந்தேகம் இருந்தால் அதே தண்ணீரில் அதைத் தேடலாம், ஆனால் தனியாகக் கேட்டுக் கொடுக்க வேண்டும். ஆட்டிசத்தை இது காட்டுமா என்று ஒரு தோழி கேட்டாள். காட்டாது.

மொழி விஷயத்தில் நான் கற்றதை மட்டும் சேர்க்கிறேன். இரண்டாவது கர்ப்பத்தில் ஒவ்வொரு முறையும், சிங்களமும் இங்கிலிஷும் நன்றாகத் தெரிந்த மச்சாளைக் கூட்டிக்கொண்டு போனேன். கேள்விகளை முதல் நாள் இரவே ஒரு தாளில் தமிழிலும் இங்கிலிஷிலும் எழுதி வைத்தேன். கேட்டதும் டொக்டரையே அதன் கீழ் விடையை எழுதித் தரச் சொன்னேன், ஒருவரும் மறுக்கவில்லை. தமிழ் தெரிந்த டொக்டரோ நேர்ஸோ வார்ட்டில் இருக்கிறார்களா என்று கேட்பது நம் உரிமை. தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான். ஸ்கான், இரத்தம், தண்ணீர் என்று எல்லா றிப்போட்டுக்கும் பிரதி எடுத்துத் திகதி வாரியாக ஒரே கோப்பில் வைத்திருந்தேன். சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நேரம் பதிந்து, புது டொக்டரைப் பார்க்கும்போது கிடைக்கும் பத்து நிமிடத்தில் அந்தக் கோப்புதான் பாதி பேசும்.

என் தங்கைக்கு வருகிற தையில் கலியாணம். அவளுக்கும் குளிசை வேண்டுமா, எந்த அளவு என்று என் டொக்டரிடமே கேட்டேன். கூடப் பிறந்தவளுக்கு இப்படி வந்திருக்கிறது என்பதைத் தங்கையைப் பார்க்கும் டொக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும், அளவை அவர் தீர்மானிப்பார், குறைந்தது 400 மைக்ரோகிராமைக் கலியாணத்துக்கு முன்பே தொடங்கட்டும் என்றார். கார்த்திகையில் தொடங்கிவிட்டாள்.